இஞ்செக்டர் மருந்தைப் பெட்ரோல் டேங்கில் ஊற்றிவிட்டு கேஸில் ஓட்டிய கதை

மான்குர்த் தாண்டி வாஷி பாலம் ஏறும்போது சி.என்.ஜி. சிலிண்டரில் கேஸ் தீர்ந்தது. கேஸிலும் பெட்ரோலிலும் ஓடும் என் வண்டிக்கு அது பெரிய விஷயமில்லை. டிக் என்று ஒரு சத்தம் வரும், தானாகவே பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும். அன்றைக்கும் டிக் என்றது. அடுத்த நொடியே பின்னாலிருந்து யாரோ பம்பரைப் பிடித்து இழுத்து இழுத்து விடுவது போலக் குலுக்கல். ஜூலை மழை, வைப்பர் முழு வேகத்தில். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி இருமுகிறது, காலை எடுத்தால் ஆஃப் ஆகப் பார்க்கிறது. மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு இரண்டு முறை மினுக்கிவிட்டு நிலையாக எரிய ஆரம்பித்தது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. ஒருவழியாக முதல் கியரில் ஊர்ந்து பாலத்தைக் கடந்து, வாஷியில் கேஸ் பம்ப் வரிசையில் போய் நின்றேன். கேஸ் நிரப்பியதும் ஒன்றுமே நடக்காதது போல வெண்ணெயாக ஓடியது.

செம்பூரில் வீடு, பேலாப்பூரில் வேலை. வண்டி 2018 மாடல், நாலு சிலிண்டர் 1.2 லிட்டர் செடான், கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்தது. ஏழு வருஷத்தில் பெட்ரோலில் ஓடிய தூரத்தைக் கூட்டினால் மூவாயிரம் கிலோமீட்டர் தேறினால் அதிகம். பெட்ரோல் என்பது காலையில் ஸ்டார்ட் செய்ய மட்டும் என்ற நினைப்பில் இருந்த மும்பைக்காரர்களில் நானும் ஒருவன்.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார்கள். பி0171 என்று ஒரு கோட். பெட்ரோல் போதாமல், காற்று அதிகமாகக் கலந்து எரிகிறது என்று அர்த்தம். கூடவே எஞ்சினின் நாலாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது சரியாகப் பற்றி எரியவில்லை. அட்வைசர் தம்பி டேப்லெட்டில் தட்டித் தட்டி ஒரு எஸ்டிமேட் காட்டினார். பெட்ரோலைத் தெளிக்கும் இஞ்செக்டர் நாலையும் மாற்ற வேண்டும், கூலியோடு 19,000 ரூபாய். யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றிரவு பழைய பில்களையெல்லாம் எடுத்துப் பரப்பினேன். ஒவ்வொரு சர்வீஸ் பில்லிலும், ஆயிலுக்கும் கார் வாஷுக்கும் நடுவில், 'ஃப்யூயல் சிஸ்டம் ட்ரீட்மென்ட்' என்று ஒரு வரி. 450 ரூபாய், சில வருஷம் 520. இஞ்செக்டர் அடைக்காமல் இருப்பதற்காகப் பெட்ரோல் டேங்கில் ஊற்றும் மருந்து அது. நான் பெட்ரோலில் ஓட்டுவதே இல்லை என்பது ஜாப் கார்டிலேயே எழுதியிருக்கிறது. வருஷா வருஷம் ஊற்றினார்கள், நான் வருஷா வருஷம் பணம் கட்டினேன். ஒருவர்கூட "சார், இதை ஊற்றின பிறகு ஒரு டேங்க் பெட்ரோலில் ஓட்டுங்க" என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு தெரிந்த பிறகாவது புத்தி வந்திருக்க வேண்டும். மறுநாள் குர்லா சி.எஸ்.டி. ரோடு போய் 300 மில்லி பாட்டில் ஒன்றை நானே வாங்கி, டேங்கில் கவிழ்த்தேன். கவிழ்த்துவிட்டு? பழக்கதோஷம், வழக்கம்போல கேஸில் ஆபீஸ் போய்வந்தேன். ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்ரோலுக்கு மாற்றிப் பார்த்தால் அதே குலுக்கல், அதே விளக்கு. மருந்து டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டை போடக் கிளம்பிய நேரத்தில்தான், அலுவலக நண்பர் ஒருவர் தாராவி தொண்ணூறு அடி ரோடு பக்கம் ஒரு மெக்கானிக்கைச் சொன்னார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அறுபது வயது இருக்கும். கராஜ் என்று சொல்ல முடியாது. ஒரு ஷட்டர், ஒரு ஜாக், சுவரில் முருகன் காலண்டர், வெளியே ரோட்டிலேயே வேலை.

அண்ணாச்சி முழுக் கதையையும் கேட்டுவிட்டு இரண்டே கேள்வி கேட்டார்.

"மருந்து ஊத்துனீய சரி. ஊத்திட்டு எதுல ஓட்டுனீய?"

"கேஸ்லதான்."

"டேங்க்ல அப்ப எத்தன லிட்டர் பெட்ரோல் கிடந்துச்சு?"

யோசித்தேன். போன தீபாவளிக்குக் கோலாப்பூர் போனபோது டேங்க் நிரப்பியது. மிச்சம் ஏழெட்டு லிட்டர் இருந்திருக்கும்.

அண்ணாச்சி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. "காய்ச்சலுக்கு மருந்து வாங்கி அலமாரியில வச்சுட்டு, இன்னும் விடலையேன்னு டாக்டர்ட்ட போற மாரி இருக்கு தம்பி. அதுவும் அம்பது லிட்டர் மருந்த ஏழு லிட்டர்ல கலக்கி."

பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் அது இருந்தது: ஒரு பாட்டில் 50 லிட்டருக்கு. நான் முன்பக்கத்தை மட்டும் படித்திருந்தேன்.

அடுத்து அவர் செய்ததைப் பார்த்தபோதுதான் சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டை நினைத்துக் கோபம் வந்தது. இஞ்செக்டர் பக்கமே போகாமல், வண்டியைக் கேஸில் பத்து நிமிஷம் நின்றபடியே ஐடிலில் ஓடவிட்டுச் சத்தத்தைக் கேட்டார். சீராக இருந்தது. பெட்ரோலுக்கு மாற்றினார். நடுக்கம். "பிளக்கு, காயில் எல்லாம் சரியா இருக்கு" என்றார், ஒன்றையும் கழற்றாமலே. எப்படி என்று கேட்டேன். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி வேண்டும், ஸ்பார்க் பிளக்கோ, அதற்கு மின்சாரம் கொடுக்கும் காயிலோ பலவீனமானால் முதலில் கேஸில்தான் வண்டி திணறும். கேஸில் நன்றாக ஓடி பெட்ரோலில் மட்டும் இருமினால் குற்றம் பெட்ரோல் வருகிற வழியில் இருக்கிறது. அப்புறம் என் மனநிம்மதிக்காக நாலாவது காயிலைக் கழற்றி இரண்டாவதில் மாட்டினார். மிஸ்ஃபயர் இரண்டுக்கு நகரவில்லை, நாலிலேயே நின்றது. ஆக, குற்றம் காயிலில் இல்லை. சல்லிக் காசு செலவில்லாத சோதனை இது. மும்பையிலும் டெல்லியிலும் கேஸ் வண்டி வைத்திருக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஏன் அடைக்கிறது என்பதையும் அவர்தான் விளக்கினார், பிறகு நானும் கொஞ்சம் படித்துத் தெளிந்தேன். இஞ்செக்டரின் நுனி எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் பாய்ந்துகொண்டிருக்கும்வரை அந்தப் பெட்ரோலே அதைக் குளிரவைக்கும், கழுவியும் விடும். கேஸுக்கு மாறிய நொடியில் பெட்ரோல் இஞ்செக்டர்கள் நின்றுவிடும். எஞ்சின் சூடு மட்டும் நிற்காது. நுனியில் தங்கிய சொட்டில் லேசான பகுதி ஆவியாகிவிட, கனமானது பிசினாகக் காய்கிறது. பால் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் ஒட்டுமே, அந்த மாதிரி. பெட்ரோலில் மட்டும் ஓடும் வண்டிகளிலும் இது நடக்கும்: எஞ்சினை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் சூடு ஏறுகிறது, அப்போது படிகிறது. அதனால்தான் தினமும் இரண்டு கிலோமீட்டர் போய்ப் போய் நிறுத்தும் வண்டிக்குத் தொல்லை அதிகம், நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்குக் குறைவு. கேஸ் வண்டியிலோ இது நாள் முழுக்க, எஞ்சின் ஓட ஓட நடக்கிறது.

டேங்கில் கிடந்ததை முழுக்க இறக்கினார். வெள்ளைப் பக்கெட்டில் விழுந்தபோது பார்த்தேன், டிகாஷன் நிறம். வாசனை பெட்ரோல் வாசனையே இல்லை. பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்தது போல. ஒன்பது மாதப் பெட்ரோல், அதில் எத்தனால், எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், டேங்க் முக்கால்வாசி காலி, வெளியே மும்பை மழைக்காலம். என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாகங்கள் கழுவ ஆகும் என்று அண்ணாச்சி ஒரு கேனில் எடுத்து வைத்துக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னபடி செய்தேன். டேங்க் நிறையப் புதுப் பெட்ரோல், அதற்கு முன் டேங்கில் சரியான அளவு மருந்து. மருந்து முதலில், பெட்ரோல் பிறகு: விழுகிற வேகத்திலேயே கலந்துவிடும். கேஸ் சுவிட்சைப் பெட்ரோலில் வைத்து, அதன் மேல் ஒரு இன்சுலேஷன் டேப்பும் ஒட்டினார். "கை தன்னால போவும்லா" என்றார். என் கையை அவருக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை குடும்பத்தோடு லோனாவாலா. வீட்டில் அதை ஊர் சுற்றல் என்று நினைத்தார்கள், நானும் மறுக்கவில்லை. பன்வேல் வரை வண்டி திணறித்தான் வந்தது. எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி ஒரே சீராக எண்பதில் ஓட்டினேன். கண்டாலா ஏற்றத்தில் மூன்றாவது கியர், எஞ்சின் 3,000 சுற்றுக்கு மேலே. கொஞ்சம் கொஞ்சமாகக் குலுக்கல் குறைந்தது போல இருந்தது. 'போல' என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் அறுநூறு ரூபாய் கொடுத்து வாங்கின மருந்து வேலை செய்கிறது என்று நம்ப மனசு ரொம்ப ஆசைப்படும். சிக்கி வாங்கிக்கொண்டு திரும்பினோம். அந்த டேங்க் காலியாகும்வரை இரண்டு வாரம் ஆபீஸுக்கும் பெட்ரோலிலேயே போனேன். பர்ஸ் அழுதது.

மனசை நம்பாமல் இருக்க ஒரு வழி இருந்தது. எஞ்சின் கம்ப்யூட்டர் சொல்வதைப் போனில் காட்டும், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஓ.பி.டி. ரீடர் ஒன்றை வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகியிருந்தேன். அதில் 'லாங் டேர்ம் ஃப்யூயல் ட்ரிம்' என்று ஒரு எண் வரும். இஞ்செக்டர் சரியாக ஊற்றாதபோது, எஞ்சின் கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்பதன் அளவு. பூஜ்யத்தைச் சுற்றி இருந்தால் ஆரோக்கியம். லோனாவாலா கிளம்பும் முன் 21 காட்டியது. டேங்க் தீர்ந்தபோது 11. ஐடிலில் நடுக்கம் பாதிக்கு மேல் போயிருந்தது. ஆனால் காலையில் முதல் ஸ்டார்ட்டில் நாலாவது சிலிண்டர் இன்னும் ஒன்றிரண்டு முறை இருமிற்று.

ஆக, மருந்து வேலை செய்தது. முழுதாகச் செய்யவில்லை. இரண்டாவது பாட்டில் வாங்கவா என்று கேட்டேன். "வேண்டாம், கழட்டிப் பாத்துருவோம்" என்றார் அண்ணாச்சி.

சயானில் அவருக்குத் தெரிந்த ஒரு கடையில் இஞ்செக்டர் சோதிக்கும் மெஷின் இருந்தது. நாலையும் வரிசையாக மாட்டி, கீழே நாலு கண்ணாடிக் குழாய், பின்னால் விளக்கு. மோட்டார் ஓடியதும் மூன்று இஞ்செக்டரிலிருந்து பூப்போலப் பனி விரிந்தது, முடி வெட்டும் கடையில் தண்ணீர் தெளிப்பார்களே அதைவிட மெல்லியதாக. நாலாவதிலிருந்து ஒரு கம்பி. நேராக, தடித்து, நுனியில் சொட்டும் கம்பி. குழாய்களில் 52, 51, 49, நாலாவதில் 38 மில்லி. ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் அரை மணி நேரம் போட்டு எடுத்து மறுபடி ஓட்டியபோது நாலாவதும் 50-ஐத் தொட்டது, கம்பி பனியாகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு என்னவோ குழந்தை முதல் அடி எடுத்து வைத்தது போல ஒரு சந்தோஷம். செலவு, கழற்றி மாட்டும் கூலி, புது ஓ-ரிங் ரப்பர் வளையங்கள் எல்லாம் சேர்த்து 2,400. ஃப்யூயல் ட்ரிம் இப்போது 3. பத்தொன்பதாயிரத்துக்கு மாற்ற வேண்டிய பொருள் எதுவும் அதில் இருக்கவில்லை.

இனி அந்தப் பாட்டிலைப் பற்றி. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த கரைப்பான். வேலை செய்யும் சரக்கு அதில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட். பாலிஈதர்அமீன், சுருக்கமாக பி.இ.ஏ. என்று லேபிளில் இருந்தால் நல்லது; அதிக சூட்டையும் தாங்கி, பழைய படிவைக் கரைக்கும். பாலிஐசோபியூட்டிலீன் அமீன் என்ற இன்னொன்று, புதிதாகப் படியாமல் வைப்பதில் கெட்டி, ஆனால் எரிகிற அறைக்குள் போனால் அதுவே கொஞ்சம் படிவு விடும் குணமும் உண்டு. "எஞ்சின் ஜெம், மைலேஜ் ராக்கெட்" என்று மட்டும் எழுதி உள்ளே என்ன என்று சொல்லாத பாட்டிலை நான் தொடுவதில்லை. ஆக்டேன் பூஸ்டர் என்பது வேறு சங்கதி, அது சுத்தம் செய்ய வந்ததல்ல. பெட்ரோல் தானாக முன்கூட்டியே வெடிக்காமல் இருக்கும் தன்மையைத்தான் ஆக்டேன் என்கிறார்கள். சாதாரண வண்டிக்கு அதைக் கூட்டிக் கொடுப்பதால் வலு கூடாது. அசிட்டோன், தின்னர், டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்று வாட்ஸாப்பில் சுற்றும் வைத்தியங்களை ரப்பர் குழாய்களின் மேல் கருணை வைத்து விட்டுவிடுங்கள்.

டிடர்ஜென்டில் ஒரு பகுதி எரியாமல் பிஸ்டன் ஓரமாக எஞ்சின் ஆயிலில் போய்ச் சேரும். அதனால் ஆயில் மாற்றுவதற்கு முந்தைய டேங்கில் ஊற்றுவது புத்திசாலித்தனம். நான் ஏழு லிட்டரில் முழு பாட்டிலைக் கவிழ்த்த புண்ணியத்துக்கு அண்ணாச்சி ஆயிலையும் மாற்றச் சொன்னார்.

முலுண்டில் இருக்கும் என் மச்சானுக்கு இந்தக் கதையைச் சொன்னதுதான் தாமதம், அவனும் இரண்டு பாட்டில் வாங்கி ஊற்றினான். அவன் வண்டி டர்போ, டைரக்ட் இஞ்செக்ஷன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. என் வண்டியில் இஞ்செக்டர் பெட்ரோலை, சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வின் முதுகில் தெளிக்கிறது, அதனால் மருந்து வால்வையும் தொட்டுக் கழுவும். அவன் வண்டியில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள்ளேயே பாய்கிறது, வால்வின் முதுகில் ஒரு சொட்டும் படாது. கேமரா விட்டுப் பார்த்தபோது வால்வுகளில் கரி, தோசைக்கல் விளிம்பு மாதிரி. அதற்கு வால்நட் ஓட்டுப் பொடியை அடித்துச் சுத்தம் செய்யும் முறை ஒன்று இருக்கிறது, கழற்றித்தான் செய்ய வேண்டும். மருந்து தொடுகிற இடத்தில்தான் வேலை செய்யும். உள்ளே போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி பெட்ரோல் வருவதற்கு முன்னாலேயே இருக்கிறது, அதற்கு ஸ்ப்ரேயும் துணியும்தான். என் வண்டியின் கேஸ் இஞ்செக்டர், கேஸ் ஃபில்டர் எதையும் பெட்ரோல் டேங்க் மருந்து தொடப்போவதில்லை.

டீசல் வண்டிக்கு டீசலுக்கென்றே வரும் மருந்துதான், பெட்ரோல் பாட்டிலைக் கையில்கூட எடுக்க வேண்டாம். அதிலும், புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வழியாக ஏறும் கரியை எந்தப் பாட்டிலும் எடுக்காது. ஸ்கூட்டருக்கு? மனைவியின் பி.எஸ். 6 ஸ்கூட்டருக்கு அஞ்சு லிட்டர் டேங்க். பையனுக்கு இருமல் மருந்து கொடுத்த சிரிஞ்சில் அளந்து 30 மில்லி ஊற்றினேன். எந்த வித்தியாசமும் இல்லை, ஏனென்றால் அதில் எந்தக் கோளாறும் இருக்கவில்லை. (அந்த சிரிஞ்சை உடனே தூக்கிப் போட்டுவிட்டேன், சமையலறையில் நடந்த விசாரணை தனிக் கதை.)

மைலேஜ் குறைந்ததற்கெல்லாம் இஞ்செக்டரைச் சந்தேகிக்கவும் வேண்டாம். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாட்டில் சில பம்புகளில் வந்தது, இப்போது எங்கும் அதுதான். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அந்தக் குறையை அறுநூறு ரூபாய் பாட்டில் ஈடுகட்டாது. எத்தனால் பாதுகாப்பு என்று லேபிளில் போட்டிருந்தாலும், ஈரம் ஏறிய பழைய பெட்ரோலுக்கு ஒரே மருந்து அதைத் தேங்க விடாமல் இருப்பதுதான்.

இப்போது டேங்கில் பத்து லிட்டருக்குக் குறையாமல், இரண்டு மாதத்துக்கு மேல் பழசாகாமல் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போய், அப்படியே ஒரு சுற்று வாஷி வரை போய்த் திரும்புவது பெட்ரோலில். வருஷத்துக்கு ஒரு பாட்டில், ஆயில் மாற்றும் மாதத்தில், முழு டேங்கில், கேஸ் சுவிட்சில் டேப் ஒட்டி.

போன வாரம் சர்வீஸுக்கு விட்டேன். அதே அட்வைசர் தம்பி டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே, "சார், ஃப்யூயல் ட்ரீட்மென்ட் போட்டுடவா?" என்றார்.

"ஊத்தின பிறகு பெட்ரோல்ல எத்தனை கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பீங்க?"

டேப்லெட்டிலிருந்து முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்த வரியை நீக்கிவிட்டார். சாயங்காலம் பில் வாங்கினால் அதே இடத்தில் 'த்ராட்டில் பாடி கிளீனிங், 900' என்று இருந்தது. பதினைந்து நாள் முன்னால் அண்ணாச்சி தன் கையால் துடைத்து வைத்திருந்த த்ராட்டில் பாடி.